சென்னையிலிருந்து டொராண்டோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? தாளும் கால்குலேட்டரும் போதும், நீங்களே கணக்கிடலாம்

என் அத்தை முதல்முறையாக மகள் வீட்டுக்கு டொராண்டோ புறப்பட்டபோது, அச்சடித்த டிக்கெட்டை என் முன் நீட்டினார். திங்கட்கிழமை இரவு 10.00 மணிக்குச் சென்னையில் புறப்பாடு, செவ்வாய்க்கிழமை காலை 8.40க்கு டொராண்டோவில் வருகை. “பத்தே முக்கால் மணி நேரம்கூட இல்லையேப்பா. நம் திருநெல்வேலி ரயில் மாதிரிதானே?” என்றார். இடையில் துபாய் என்று ஒரு வரி இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. அதே நாளில் அவருடைய மகள் ஏதோ ஓர் இணையதளத்தில் தேடிப் பார்த்து, “13,390 கிலோமீட்டர், 17 மணி நேரம் என்று போட்டிருக்கிறதே” என்று தொலைபேசியில் சொன்னாள். நான் கணக்கிட்டபோது வந்தது 21 மணி 10 நிமிடம்.

மூன்று எண்களுமே ஒரு வகையில் சரிதான். முதலாவது கடிகாரம் காட்டும் கண்கட்டு. இரண்டாவது, இல்லாத ஒரு நேரடி விமானத்தின் நேரம். மூன்றாவதுதான் அத்தையின் முழங்கால்கள் அனுபவிக்கப்போகும் நேரம். இந்த மூன்றும் எங்கிருந்து வருகின்றன என்பதை அந்த டிக்கெட்டையே எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன். மணி நேரங்களை மட்டும் வசதிக்காக வட்டமாக்கியிருக்கிறேன். இதே முறையில் உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் கணக்குப் போட முடியும்.

முதல் படி: ஊரை அல்ல, விமான நிலையத்தைக் குறியுங்கள்

தூரம் என்பது ஊருக்கும் ஊருக்கும் இடையே அல்ல, ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையே. சென்னையில் குழப்பமில்லை, மீனம்பாக்கம் ஒன்றுதான். அதன் மூன்றெழுத்துக் குறியீடு எம்.ஏ.ஏ., மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். டொராண்டோவில் இரண்டு இருக்கின்றன. பெரியது பியர்சன் பன்னாட்டு விமான நிலையம், குறியீடு ஒய்.ஒய்.இசட். நகரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதன் பெரும்பகுதி பக்கத்து ஊரான மிசிசாகாவில்தான் இருக்கிறது. மற்றொன்று ஏரிக்குள் தீவில் இருக்கும் பில்லி பிஷப் என்ற சிறிய நிலையம். நம் ஊரிலிருந்து போகும் பெரிய விமானங்கள் அங்கே இறங்குவதில்லை. லண்டன், நியூயார்க் போன்ற ஊர்களில் இந்தக் குழப்பம் இன்னும் பெரியது. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டிய டிக்கெட்டை மலிவு என்று வாங்கிவிட்டு, நடுவில் தரைவழிப் பயணம் இருப்பதைக் கடைசியில் கண்டுபிடித்தவர்கள் உண்டு.

இரண்டாம் படி: அட்சரேகை, தீர்க்கரேகை

இரண்டு நிலையங்களின் ஆயங்களைத் தசம எண்ணில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த வரைபடச் செயலியிலும் அந்த இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் கிடைத்துவிடும்.

சென்னை: வடக்கு 12.98, கிழக்கு 80.16
டொராண்டோ பியர்சன்: வடக்கு 43.68, மேற்கு 79.63

இந்த இரண்டு வரிகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று கிழக்கில் 80 பாகை, மற்றொன்று மேற்கில் ஏறத்தாழ 80 பாகை. ஈழத்தமிழர்கள் ரொறன்ரோ என்று எழுதும் அந்த ஊர், நாம் ‘மேற்கே’ என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், உண்மையில் பூமிப்பந்தின் மறுபக்கத்தை ஒட்டி இருக்கிறது. இதன் விளைவு கொஞ்ச நேரத்தில் தெரியும்.

கணக்கில் வழக்கமாக நேரும் பிழை இங்கேதான். மேற்குத் தீர்க்கரேகையை எதிர்மமாக, அதாவது −79.63 என்று எடுக்க வேண்டும். குறியை மறந்து இரண்டையும் நேர்ம எண்ணாகப் போட்டால் விடை வெறும் 3,400 கிலோமீட்டர்தான் வரும். டொராண்டோவுக்குப் பதில் கஜகஸ்தானில் சீன எல்லையருகே போய் இறங்குவீர்கள்.

மூன்றாம் படி: பெருவட்டத் தூரம்

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வீட்டில் பிள்ளைகளின் பூமி உருண்டை இருந்தால், ஒரு நூலைச் சென்னையில் ஒரு விரலாலும் டொராண்டோவில் ஒரு விரலாலும் இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகப் போய்ப் படியும் வழிதான் அது. நூலை அளந்து, நிலநடுக்கோட்டின் சுற்றளவோடு, அதாவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டரோடு ஒப்பிட்டாலே ஓரளவு சரியான விடை கிடைக்கும்.

துல்லியமாக வேண்டுமென்றால் பள்ளியில் படித்த முக்கோணவியல் போதும். செல்பேசிக் கால்குலேட்டரைப் படுக்கைவாட்டில் திருப்பினால் சைன், கொசைன் பொத்தான்கள் வந்துவிடும். ஆனால் அது பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாகையில் இருக்க வேண்டும்.

சூத்திரம் இது: முதல் அட்சரேகையின் சைனை இரண்டாவதன் சைனால் பெருக்குங்கள். பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் ஒன்றாகப் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டினால், பூமியின் மையத்தில் இரு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன் கிடைக்கும்.

நம் எண்களைப் போடுவோம்.

சைன் 12.98 = 0.2246. சைன் 43.68 = 0.6906. பெருக்கினால் 0.1551.
கொசைன் 12.98 = 0.9744. கொசைன் 43.68 = 0.7232. பெருக்கினால் 0.7047.
தீர்க்கரேகை வித்தியாசம் 80.16 − (−79.63) = 159.79. அதன் கொசைன் −0.9384. இதை 0.7047ஆல் பெருக்கினால் −0.6613.
கூட்டுத்தொகை 0.1551 − 0.6613 = −0.5062.
தலைகீழ் கொசைன் எடுத்தால் 120.41 பாகை.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர். 120.41ஐ அதனால் பெருக்கினால் சுமார் 13,390 கிலோமீட்டர். கடல்மைலில் வேண்டுபவர்கள் பாகையை 60ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: ஏறத்தாழ 7,225. விமானிகள் இந்த அலகைத்தான் புழங்குகிறார்கள்.

விடை சரியா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. பூமியில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. அது சுற்றளவில் பாதி. தாண்டினால் எங்கோ குறி தவறியிருக்கிறது. இன்னொன்று: பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அதனால் வெவ்வேறு தளங்கள் சில பத்துக் கிலோமீட்டர் வித்தியாசமாகக் காட்டலாம். இவ்வளவு நீளப் பயணத்தில் அது இரண்டு மூன்று நிமிடப் பறத்தல். அதைப் பற்றிச் சண்டை போட வேண்டியதில்லை.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் கட்டுநாயக்கவிலிருந்து டொராண்டோவுக்குப் போட்டுப் பாருங்கள். வடக்கு 7.18, கிழக்கு 79.88. ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் வந்தால் உங்கள் கை சரியாக ஓடுகிறது என்று பொருள்.

நான்காம் படி: அந்தக் கோடு எந்த நாடுகளின் மேல் போகிறது என்று பாருங்கள்

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கோ முழுக் கணக்கிலும் சுவையான இடம் இதுதான்.

சுவரில் தொங்கும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர்கள், சென்னையிலிருந்து அரபிக்கடல், ஐரோப்பா, அட்லாண்டிக் என்று மேற்கே போவதாக நினைப்பார்கள். நூலைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், கோடு ஏறத்தாழ நேர் வடக்கே கிளம்புகிறது. போபாலுக்குச் சற்று மேற்கே, இஸ்லாமாபாத்தை ஒட்டி, ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலை, தாஜிகிஸ்தான், பிறகு தாஷ்கண்ட். அங்கிருந்து கஜகஸ்தானைக் கடந்து உரல் மலைகள், வடமேற்கு ரஷ்யா, நார்வேயின் வடகிழக்கு முனை. 73 பாகை அட்சரேகையைத் தாண்டி ஆர்க்டிக் கடலைத் தொட்டு, கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே வெட்டி, கியூபெக் வழியாகத் தெற்கே இறங்குகிறது. நேராக வட துருவத்தின் மேலேயே போனால்கூட 325 கிலோமீட்டர்தான் கூடுதல்.

இப்போது அந்த நாடுகளின் பட்டியலை ஒரு செய்தித்தாள் வாசகராகப் படியுங்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ரஷ்யா. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் வான்வெளி மூடிக்கிடந்தது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் மூடப்பட்டது. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போரை அடுத்து, கனடாவும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடின. ஐரோப்பிய நாடுகள் பலவும் அவ்வாறே. கணிதம் தரும் மிகக் குறுகிய வழி, அரசியல் தரும் மிகச் சிக்கலான வழியாக அமைந்துவிட்டது.

அதனால் உங்கள் விமானம் எந்த நாட்டு நிறுவனத்துடையது என்பதும் பயண நேரத்தில் ஓர் உறுப்பு. டெல்லியிலிருந்து டொராண்டோவுக்குப் புறப்படும் இந்திய விமானம், பாகிஸ்தான் மூடியிருக்கும் நாட்களில் முதலில் தென்மேற்கே இறங்கி அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடலாம். வட அமெரிக்காவுக்குப் போகும் சில விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கி ஏற வேண்டியும் வந்தது. பழைய அனுபவத்தை வைத்து “டெல்லியிலிருந்து பதினான்கரை மணிதான்” என்று யாராவது அடித்துச் சொன்னால், அவர் எந்த ஆண்டு போனார் என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: நேரடி விமானம் இல்லையென்றால் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள்

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு இடைநில்லா விமானம் இல்லை. தூரம் காரணமல்ல. போயிங் 787-9இன் அறிவிக்கப்பட்ட பறப்பெல்லை 14,010 கிலோமீட்டர். ஏர்பஸ் ஏ350 வகைகள் அதற்கும் மேல் போகும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் கென்னடி நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். ஏ350-900இன் நெடுந்தூர வகை அதைத் தினசரி வேலையாகச் செய்கிறது, பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் வானிலேயே இருந்து. ஆனால் அந்த விமானத்தில் சாதாரண வகுப்பு இருக்கையே இல்லை. மொத்தம் 161 பேர்தான் போக முடியும். அவ்வளவு எரிபொருளைச் சுமந்துகொண்டு கூட்டத்தையும் ஏற்ற முடியாது. சென்னையில் அந்தக் கட்டணம் கொடுத்து ஆண்டு முழுக்க இருக்கைகளை நிரப்ப ஆள் உண்டா என்பதுதான் கேள்வி. இதுவரை எந்த நிறுவனமும் உண்டு என்று துணியவில்லை.

ஆகவே மாறிப்போகும் ஊரைத் தேர்வு செய்ய வேண்டும். மூன்றாம் படியின் சூத்திரத்தையே இரண்டு முறை போட்டு எடுத்த எண்கள் இவை, கிலோமீட்டரில்:

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400
லண்டன் வழி: 8,230 + 5,700 = 13,930
பிராங்க்ஃபர்ட் வழி: 7,590 + 6,340 = 13,930
துபாய் வழி: 2,930 + 11,080 = 14,010
ஹாங்காங் வழி: 3,710 + 12,550 = 16,260

டெல்லி கோட்டின் மேலேயே இருக்கிறது என்று சொல்லலாம். பத்து கிலோமீட்டர்தான் வித்தியாசம். லண்டனும் பிராங்க்ஃபர்ட்டும் துபாயும் நான்கைந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. “துபாய் போய்ச் சுற்றிக்கொண்டு போவானேன்?” என்று கேட்பவர்களுக்கு இது பதில்: சுற்றே இல்லை, நாற்பத்தைந்து நிமிடம்தான். ஹாங்காங் வழி மட்டும் உண்மையான சுற்று. கட்டணம் மிகக் குறைவாக இருந்தாலொழிய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூரம் ஒன்றாக இருந்தாலும் பயணத்தின் தன்மை மாறும். லண்டன், பிராங்க்ஃபர்ட் வழிகளில் இரண்டு கட்டங்களும் ஓரளவு சமம். நடுவில் எழுந்து நடக்கலாம். துபாய் வழியில் நான்கு மணி நேரம், பிறகு ஒரேயடியாகப் பதினான்கு. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு முதல் வகை நல்லது. ஒருமுறை தூங்கினால் நன்றாகத் தூங்குபவர்களுக்கு இரண்டாவது.

ஆறாம் படி: கிலோமீட்டரை மணியாக்குவது

பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 84, 85 சதவீதத்தில் பறக்கின்றன. 35,000 அடி உயரத்தின் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். ஆக, காற்றைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் சுமார் 900. ஆனால் காற்றே நகர்ந்துகொண்டிருக்கிறது.

வடகோளத்தின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு ஓடுகிறது. குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. 2020 பிப்ரவரி 9 அன்று சியாரா புயலின் காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது. அட்லாண்டிக்கின் வடபகுதியில் விமானங்கள் போகும் வான்தடங்களை, கனடாவின் காண்டர் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையமும் ஐரோப்பியப் பக்கம் ஷான்விக் மையமும் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் புதிதாக வகுக்கின்றன.

வீட்டுக் கணக்குக்கு நான் வைத்திருக்கும் சூத்திரம் இது. 900இலிருந்து தொடங்குங்கள். வான்தடம் பெருவட்டக் கோட்டில் அப்படியே போகாமல் வளைந்து நெளிவதற்காக 30 கழியுங்கள். மேற்கு நோக்கிப் போனால் எதிர்க்காற்றுக்காக இன்னும் 50 கழியுங்கள். கிழக்கு நோக்கி வந்தால் 50 கூட்டுங்கள். ஆக, போகும்போது 820, வரும்போது 920. தூரத்தை இதனால் வகுத்து, தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் 45 நிமிடம் சேர்த்துவிடுங்கள்.

சென்னை–துபாய்: 2,930 ÷ 820 = 3 மணி 35 நிமிடம். 45 சேர்த்தால் 4 மணி 20 நிமிடம்.
துபாய்–டொராண்டோ: 11,080 ÷ 820 = 13 மணி 30 நிமிடம். 45 சேர்த்தால் 14 மணி 15 நிமிடம்.
டொராண்டோ–துபாய்: 11,080 ÷ 920 = 12 மணி. 45 சேர்த்தால் 12 மணி 45 நிமிடம்.

அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து இருபது நிமிடத்துக்குள் பொருந்தும். இந்தச் சூத்திரத்தில் 13,390ஐப் போட்டால் 17 மணி 5 நிமிடம். அத்தை மகள் சொன்ன 17 மணி நேரம் பிறந்த இடம் அதுதான். தெற்கு வடக்காக ஓடும் வழிகளுக்கு, எடுத்துக்காட்டாகச் சென்னை–டெல்லிக்கு, காற்றுக்கான 50ஐ விட்டுவிடலாம்.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் மேலெழும் நேரம் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனை நிறுத்துமிடத்தில் நிற்கும் வரை உள்ள நேரம் அது. விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். நெரிசலை எதிர்பார்த்து நிறுவனங்கள் அதில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்கின்றன. அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்தில் இறங்கி, விமானி பெருமையாக அறிவிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஏழாம் படி: நடுவில் காத்திருப்பு

ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஒன்று உண்டு. அதற்குக் குறைவாக உள்ள இணைப்பை ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். ஆனால் அது ஓடத் தெரிந்தவர்களுக்கான நேரம். முதல்முறை போகும் பெரியவர்களுக்கு இரண்டரை மணியிலிருந்து நான்கு மணி வரை வைப்பதுதான் என் வழக்கம். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்குத்தான் என்று அத்தை கூச்சப்பட்டார்; முழங்கால் வலிக்கும் சேர்த்துத்தான் அது என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

இரண்டு கட்டங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தனித்தனியாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்த டிக்கெட் உங்கள் செலவு. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம். வெளியே போகாமல் விமானம் மாறுவதற்கே சில நாடுகள் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுகளுக்கு இடைநிறுத்த விசா கேட்கும். கனடா விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கும் சில இடங்களில் உண்டு. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். டெல்லி வழியில் சென்னை–டெல்லி உள்நாட்டு விமானமாக இருந்தால், குடியேற்றச் சோதனை டெல்லியில்தான் நடக்கும். அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

எட்டாம் படி: கடிகாரத்தை நேராக்குவது

இந்தியாவின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5.30 மணி முன்னே. துபாய் 4 மணி முன்னே. டொராண்டோ குளிர்காலத்தில் 5 மணி பின்னே, கோடையில் 4 மணி பின்னே. ஆக, நமக்கும் டொராண்டோவுக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். அந்த அரை மணி, மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைத் தீர்க்கரேகையை நாடு முழுக்கப் பொதுவாக வைத்துக்கொண்டதால் வந்தது.

குழம்பாமல் இருக்க ஒரே வழி, எல்லாவற்றையும் ஒரே ஊர் நேரத்தில் எழுதி, கடைசியில் மட்டும் மாற்றுவது. அத்தையின் டிக்கெட்டை முழுக்க இந்திய நேரத்தில் எழுதிய தாள் இது. டிசம்பர் மாதம், குளிர்காலக் கணக்கு.

திங்கள் 22.00: சென்னையில் புறப்பாடு.
செவ்வாய் 02.20: துபாய் வருகை. 4 மணி 20 நிமிடம் ஆகியிருக்கிறது. அங்கே 00.50.
செவ்வாய் 05.00: துபாயில் புறப்பாடு. 2 மணி 40 நிமிடம் காத்திருப்பு. அங்கே 03.30.
செவ்வாய் 19.10: டொராண்டோ வருகை. 14 மணி 10 நிமிடப் பயணம். அங்கே காலை 08.40.

22.00இலிருந்து மறுநாள் 19.10 வரை 21 மணி 10 நிமிடம். டிக்கெட்டில் தெரிந்த 10 மணி 40 நிமிடத்தோடு நேர வித்தியாசம் பத்தரையைக் கூட்டினாலும் அதே 21.10 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால் எங்கோ தவறு.

திரும்பும்போது கண்கட்டு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். செவ்வாய் பிற்பகல் 2.00க்கு டொராண்டோவில் கிளம்பி, புதன் இரவு 8.30க்குச் சென்னையில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தாளில் முப்பதரை மணி நேரம். பத்தரையைக் கழித்தால் சரியாக 20 மணி நேரம்தான். போகும்போது கூட்ட வேண்டும், வரும்போது கழிக்க வேண்டும்.

டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுத்துவிடுவார்கள். பிரிட்டனில் இதே வேலை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கும். இடைப்பட்ட சில வாரங்களில் லண்டன்–டொராண்டோ வித்தியாசம் ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணி. ஒரு நவம்பர் முதல் வாரத்தில் மாமா ஒருவர் போனபோது, டிக்கெட்டைப் பார்க்காமல் மனக்கணக்காக ஒன்பதரை மணியைக் கழித்து, “9.40க்கு இறங்குவார்” என்று அவர் மகனுக்கு நான் செய்தி அனுப்பினேன். கடிகாரம் முந்தைய ஞாயிறே மாறியிருந்தது. மாமா 8.40க்கே இறங்கி, தோளில் மெல்லிய சால்வையோடு ஒரு மணி நேரம் காத்திருந்தார். இன்றும் குடும்ப விழாக்களில் என் கணிதத் திறமை பற்றிய பேச்சு அவரிடமிருந்துதான் தொடங்கும்.

ஒன்பதாம் படி: வாசல் முதல் வாசல் வரை

பெரியவர்களைப் பொறுத்தவரை உண்மையான எண் இது ஒன்றுதான். அத்தை தாம்பரத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பினார். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது இரவு 7.00க்கு, நிலையத்தில் இருக்க வேண்டும். தாம்பரத்திலிருந்து, விமான நிலையத்துக்கு எதிரே உள்ள திரிசூலம் ரயில் நிலையத்துக்கு மின்சார ரயிலில் சிறிது நேரம்தான். ஆனால் இரண்டு பெட்டிகள், ஊறுகாய் ஜாடிகள், பேரனுக்கான பித்தளைத் தேர் ஆகியவற்றோடு யாரும் ரயிலில் போவதில்லை. ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை நம்பாமல் மாலை 6.00க்கே காரில் கிளம்பினோம்.

அந்தப் பக்கம், பியர்சனில் குடியேற்றம், பெட்டி, சுங்கம் எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வைத்தேன். அங்கிருந்து நகர மையமான யூனியன் நிலையத்துக்கு விமான நிலைய ரயில் 25 நிமிடத்தில் போய்விடும். ஆனால் தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோ நகரின் எதிர்முனையில், கிழக்கே இருக்கிறது. 401 நெடுஞ்சாலையில் காலை நேரத்தில் ஒரு மணி நேரம். ஆக மகள் வீட்டு வாசலில் காலை 11.10, நம் கணக்கில் இரவு 9.40. தாம்பரம் வாசல் முதல் ஸ்கார்பரோ வாசல் வரை 27 மணி 40 நிமிடம். பாளையங்கோட்டையிலிருந்து முதல் நாள் இரவு ரயிலில் வந்ததை இதில் சேர்க்கவில்லை.

மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த 27 மணி நேரத்துக்கான வேளைகளை இந்திய நேரத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். எப்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது கட்டாயம்.

பத்தாம் படி: கிளம்பும் வாரத்தில் சரிபார்ப்பது

டிக்கெட் வாங்கிய நாளின் கணக்கு பயண நாளில் அப்படியே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஃபிளைட்ரேடார்24 போன்ற கண்காணிப்புச் செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்கு உண்மையில் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று தெரியும். என் சூத்திரத்தைவிட, நிறுவனத்தின் அட்டவணையைவிட, அந்தப் பட்டியல்தான் நம்பத்தக்கது. எல்லா நாளும் நாற்பது நிமிடம் தாமதமாக வருகிற விமானத்துக்கு எழுபது நிமிட இணைப்பை வாங்கியிருந்தால், மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும். அதே செயலியில் முந்தைய நாளின் பாதையையும் பாருங்கள். ஏதாவது ஒரு நாட்டைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தால் கோட்டின் வளைவில் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை அத்தை கைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றொன்று எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டப்பட்டு, செவ்வாய் முழுக்க வீட்டில் எல்லோரும் அதன் முன்னால் நின்று நின்று போனார்கள். இரவு 7.02க்கு மகளிடமிருந்து செய்தி வந்தது: விமானம் தரை தொட்டுவிட்டது, வாயில் கிடைக்கக் காத்திருக்கிறார்கள். எட்டு நிமிடம் முன்னதாக.